பிரேக்கும் அமானிதத்தில் அடக்கம்

ஏலகிரிச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. ஆரணியிலிருந்து குடும்பத்தோடு சென்று திரும்புகையில், இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே வருகிறோம். பின்னர், பேடு சீக்கிரம் தேய்ந்துவிட்டதென்று பெரிய டிஸ்க்குக்கும் விலையுயர்ந்த பேடுக்கும் செலவிடத் துணிகிறோம்.

தேய்வுக்குக் காரணம் பெரும்பாலும் நம் காலே. ஏறிய கியரிலேயே இறங்கினால் வேகத்தை எஞ்சினே அடக்கும். காலிப்பர் இறுகியிருந்தால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேயும்; புதிய பேடு அதைத் தீர்க்காது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய ஆயில் சூட்டில் கொதித்தால் மிதித்தும் வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றவர்கள் நாம். பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். முதலில் பழக்கத்தையும் பழுதையும் திருத்துவோம். மேம்படுத்துவது அதன் பிறகே.