என்ன கட்டுப்பாடு?

வடலி என்றால் இளம்பனை. சத்திரம் என்றால் வழிப்போக்கனின் வயிறு ஆறவும் கால் ஆறவும் கட்டப்பட்ட இடம். இவ்விரு சொற்களும் கைகோத்து ஓர் ஊருக்குப் பெயராகி நிற்கின்றன: பனவடலிசத்திரம். நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையிலே இருக்கிறது அவ்வூர். வளையாது நிற்பதற்குப் பனை. வந்தவனை அணைப்பதற்குச் சத்திரம். நெஞ்சுரமும் நேயமும் ஒரே பெயரில்! என்னே பொருத்தம்!

பெயர் இனிக்கிறது. நடப்பு எப்படி?

2022ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள். அதே சங்கரன்கோவில் வட்டாரத்துப் பாஞ்சாகுளம். பள்ளிக்குச் செல்லும் சிறுவர் சிலர் பெட்டிக்கடைக்குப் போகிறார்கள். கையில் காசு இருக்கிறது. கண்ணில் ஆசை இருக்கிறது. கண்ணாடிப் புட்டியிலே மிட்டாய் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே எழுந்து நிற்கிறது ஒரு சுவர். உங்களுக்குத் தின்பண்டம் தருவதில்லை என்கிறார் கடைக்காரர். வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். ஊரிலே கட்டுப்பாடு என்கிறார். அதைப் பெருமையோடு படமும் பிடித்துக் கொள்கிறார்கள்!

அந்தச் சிறுவர்கள் செய்த குற்றம் என்ன? கடன் கேட்டார்களா? களவு செய்தார்களா? இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் தெருவிலே பிறந்தார்கள். பெரியவர்களுக்கிடையே நின்ற பழைய வழக்கொன்றின் பகையைப் பிள்ளைகளின் மிட்டாயிலே கொண்டுவந்து தீர்த்துக் கொண்டது சாதி. வீரம் பேசும் சாதி! மீசை முறுக்கும் சாதி! மிட்டாயைத் தடுத்துத்தான் தன் மேன்மையை நிலைநாட்ட வேண்டியிருந்தது அதற்கு!

அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. பரவிய நாள் எது தெரியுமா, தோழர்களே? செப்டம்பர் 17. தந்தை பெரியார் பிறந்த நாள். சமூகநீதி நாள் என்று 2021இல் அறிவிக்கப்பட்டு, அலுவலகந்தோறும் உறுதிமொழி ஏற்கப்படும் நாள்!

*

அந்தக் காட்சியைக் கண்டோர் பலரும் கடைக்காரரின் கொடுமையைப் பேசினர். பேசத்தான் வேண்டும். ஆனால் நாம் அதிலே கேட்ட இன்னொரு குரலைப் பற்றிப் பேச விரும்புகிறோம். கட்டுப்பாடு என்று பெரியவர் சொன்னதும், என்ன கட்டுப்பாடு என்று கேட்டான் ஒரு சிறுவன்.

என்ன கட்டுப்பாடு?

அவன் எந்த நூலையும் படித்துவிட்டு வந்து கேட்கவில்லை. எந்த மேடையிலும் பயிற்சி பெற்றுக் கேட்கவில்லை. புரியாததைப் புரியவில்லை என்றான். அவ்வளவே. பகுத்தறிவு என்பதும் அவ்வளவேயன்றோ! முன்னோர் சொன்னது என்றார்கள், ஏன் என்றோம். சாத்திரம் என்றார்கள், யார் எழுதியது என்றோம். அந்தக் கேள்விதான் மிட்டாய்க் கடையின் வாசலிலே ஒரு பிஞ்சு வாயிலிருந்து பிறந்தது.

சட்டம் தன் கடமையைச் செய்தது. கடை பூட்டப்பட்டது. கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஐவரும் ஆறு திங்கள் அவ்வூருக்குள் நுழையக் கூடாது என்று வன்கொடுமை வழக்குகளுக்கான நெல்லைச் சிறப்பு நீதிமன்றம் ஆணையிட்டது. வரவேற்கத்தக்க ஆணை. ஆனால் நீதிமன்றம் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. அந்தக் கேள்வி கேட்ட சிறுவனின் நெஞ்சிலே, நாளை அதே கேள்வி உயிரோடு இருக்குமா? அல்லது, நமக்கேன் வம்பு என்று அவன் அடங்கக் கற்றுக்கொள்வானா? அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு மறுத்த கடையிலே, தடையின்றி மிட்டாய் வாங்கும் மற்றத் தெருப் பிள்ளைகளின் நெஞ்சிலே என்ன படியும்? அவனுக்கு இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்று காசைத் திருப்பி வாங்கும் துணிவை அப்பிள்ளைக்கு யார் கற்றுத் தருவது?

நாம் எழுப்பும் சிக்கல் இதுதான். அன்பும் துணிவும் ஊட்டும் பணி தொடக்கப் பள்ளியின் பணி என்கிறோம். அதற்கென்று பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும் என்கிறோம்.

*

உடனே வருகிறது எதிர்ப்பு. "பிஞ்சு நெஞ்சிலே சாதியைப் புகுத்தலாமா?" என்று கேட்கிறார்கள் சில பெரியவர்கள். கேட்பவரின் கவலை நல்ல கவலையாகவே இருக்கலாம். ஆனால் ஐயா, பாஞ்சாகுளத்திலே பள்ளியா புகுத்தியது? கடை புகுத்தியது. தெரு புகுத்தியது. திண்ணை புகுத்தியது. பாடத்திலே இல்லாத பாடத்தை ஊரே நடத்தி முடித்துவிட்ட பிறகு, பள்ளி மட்டும் வாய்பொத்தி நிற்பது நடுநிலையாகுமா? தீப்பற்றிய வீட்டிலே தண்ணீரைப் பற்றிப் பேசாதே என்பது போலன்றோ இருக்கிறது!

வரலாறும் இதையே சொல்கிறது. அண்ணல் அம்பேத்கர் பள்ளிச் சிறுவராக இருந்தபோது, தம் சாக்குத் துண்டைத் தாமே கொண்டுபோய், அதன்மேல் தனியே அமர்ந்தார். பானையைத் தொட அவருக்கு உரிமையில்லை. பள்ளிப் பணியாள் ஊற்றினால்தான் தண்ணீர். அந்தப் பணியாள் வராத நாளிலே தாகம்தான் பாடம்!

நெல்லைச் சீமைக்கே வருவோம். சேரன்மாதேவியிலே வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலம், தேசத் தொண்டர்களை உருவாக்க வந்தது. நாட்டாரின் நன்கொடையிலே நடந்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் உணவு, மற்றப் பிள்ளைகளுக்கு வேறிடத்தில் உணவு. 1924-25இலே அதை எதிர்த்து வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் போர்க்கொடி உயர்த்தினர். வீரத்தைக் கற்பிக்க வந்த கூடம், பந்தியிலே கோழைத்தனத்தைக் கற்பித்தது!

அந்தப் பெரியாரே இளமையில், 1904இலே, காசியில் பசியோடு ஒரு சத்திரத்தின் வாயிலில் நின்றவர். பார்ப்பனரல்லாதார் என்று விரட்டப்பட்டவர். சத்திரம் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் சோறு கிடைத்துவிடாது, தோழர்களே. யாருக்குச் சோறு என்ற கேள்விக்கு நேரான விடை வேண்டும்.

*

இன்னொரு கூட்டம் வருகிறது. "அன்பா? அறமா? அதற்குத்தான் ஆன்மிகம் இருக்கிறதே!" என்கிறது.

இருக்கிறது, பார்த்தோம்! 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிலே, சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலே, தன்னம்பிக்கை ஊட்ட வந்த ஒரு சொற்பொழிவாளர் என்ன ஊட்டினார்? உடற்குறையும் வறுமையும் முற்பிறவிப் பாவத்தின் பயன் என்றார். பள்ளிப் பிள்ளைகள் முன்னால்! பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்தார். பள்ளியிலே இதைப் பேசலாமா என்று தட்டிக் கேட்டார். கண்ணுள்ளோர் பலர் வாளாவிருக்க, அவர் கேட்டார். அன்று அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான துணிவுப் பாடம் நடத்தியவர் அவரே. ஒலிபெருக்கி பிடித்தவரல்லர்!

ஊழ்வினைக் கொள்கையிலே அன்புக்கு இடமேது? அடிபட்டவன் வினைப்பயன் அனுபவிக்கிறான் என்றால், அடித்தவன் வினையின் கருவி ஆகிவிடுகிறான். கண்டவன் ஏன் தடுக்க வேண்டும்? கருணை கொன்று, கடமை கொன்று, கைகட்டி நிற்கச் சொல்லும் கொள்கை அது. குழந்தைக்கு அதைக் கொடுப்பது நஞ்சைத் தேனில் குழைப்பதாகும்.

மூன்றாவது கூட்டமும் உண்டு: அடியாத மாடு படியாது என்பவர்கள். மாட்டுக்குச் சொன்னதை மாணவனுக்குச் சொல்பவர்கள்! 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையின் உடலையும் தண்டிக்காதே, உள்ளத்தையும் வதைக்காதே என்கிறது. பிரம்பு கற்பிப்பது ஒன்றே ஒன்று: வலியவன் அடிக்கலாம், மெலியவன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அது. சாதி சொல்வதும் அதே பாடமன்றோ!

*

தென்பாண்டிச் சீமையிலே துணிவுக்குப் பஞ்சமில்லை என்பார்கள். எந்தத் துணிவு? 2023 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு, நாங்குநேரியிலே பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளியிலே அவனைத் துன்புறுத்தினார்கள். துன்பம் தாளாமல் அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். பின்னர் முறையிட்டான். முறையிட்டதற்குக் கூலி, வெட்டு!

வெட்டியவர்களும் பிள்ளைகள்தாம் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சு இருமுறை நோகிறது. மூன்றாம் வகுப்பிலே அவர்கள் கையில் சிலேட்டு இருந்திருக்கும். பிறகு வண்ணக் கயிறு ஏறியது. பிறகு அரிவாள் ஏறியது. இடையிலே இருந்த ஆண்டுகளில் நாம் எங்கே இருந்தோம்?

அன்பில்லாத துணிவு அரிவாளாகும். துணிவில்லாத அன்பு வெறும் அழுகையாகும். இரண்டும் ஒரே பிள்ளையின் நெஞ்சில் ஒன்றுசேர வேண்டும். வெட்டுண்ட அந்த மாணவன் தேறி எழுந்து, 2024இல் பொதுத்தேர்விலே 469 மதிப்பெண் பெற்றான். அதற்குப் பெயர் துணிவு!

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்டது நீதியரசர் சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு. 2024 சூன் திங்களில் அறிக்கை வந்தது. சாதி காட்டும் கயிறும் மோதிரமும் கூடாது என்றது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றது. மாணவர் நலனைக் காக்கத் தனி அலுவலர் வேண்டும் என்றது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு வேண்டும் என்றது. ஒவ்வொன்றையும் உவந்து ஏற்கிறோம். ஆனால் பணிவோடு ஒன்று கேட்கிறோம்: ஏன் ஆறாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும்? பாஞ்சாகுளத்திலே மிட்டாய் மறுக்கப்பட்டவர்கள் சின்னஞ்சிறுவர்களன்றோ? சாதி ஒன்றாம் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அறம் மட்டும் ஐந்தாண்டு தாமதித்து வரலாமா?

*

ஆலோசகர் வந்து என்ன செய்வார் என்று கேட்கலாம். அறிவுரைச் சொற்பொழிவு வேண்டாம். ஆத்திசூடியை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையைத் தள்ளி உட்காரச் சொல்வதை நாம் பார்க்கவில்லையா? செயலே பாடமாக வேண்டும்.

கடை விளையாட்டு நடத்தட்டும். ஒரு பிள்ளை கடைக்காரர். ஒரு பிள்ளை வாங்க வந்தவன். மூன்றாவது பிள்ளை பக்கத்தில் நிற்பவன். மறுக்கப்படும்போது மூன்றாமவன் என்ன செய்ய வேண்டும்? அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அவனோடு சேர்ந்து நிற்பது ஒரு வழி. ஏன் என்று கேட்பது ஒரு வழி. பெரியவரிடம் ஓடிச் சொல்வது ஒரு வழி. மறுநாள் ஆள் மாறட்டும். மறுத்தவன் மறுக்கப்படட்டும், மறுக்கப்பட்டவனின் உள்ளம் எப்படி எரியும் என்பதைத் தன் உள்ளத்திலே உணரட்டும்.

கோள் சொல்வது வேறு, முறையிடுவது வேறு என்று கற்பிக்கட்டும். ஒருவனை மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவனைக் காப்பாற்றச் சொல்வது முறையீடு. இந்த வேறுபாடு தெரியாததால் எத்தனை பிள்ளைகள் வாய்மூடித் துன்புறுகிறார்கள்! 1098 என்ற எண்ணை அழைத்தால் உதவி வரும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியட்டும். இருக்கைகள் வாரந்தோறும் மாறட்டும். பானை ஒன்றாக இருக்கட்டும். பந்தி ஒன்றாக இருக்கட்டும். 2022 செப்டம்பரிலே தொடங்கிய காலை உணவுத் திட்டம் பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்கார வைத்தது. அந்த வரிசையைவிட நல்ல வகுப்பறை எது?

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. துணிந்து நில் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, பெரியவர்கள் விலகி நின்றால் அது வஞ்சகம். 1960ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரிலே, ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, வெள்ளையர் மட்டுமே படித்த தொடக்கப் பள்ளியினுள் நுழைந்தாள். வெளியே வெறிக்கூட்டம் கூச்சலிட்டது. வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டனர். அவள் மட்டும் துணிந்தாள் என்று கதை சொல்வார்கள். முழுக் கதை அதுவன்று. அவளைச் சுற்றி அரசின் காவலர் நடந்தனர். பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை, ஓராண்டு முழுதும் அந்த ஒரு பிள்ளைக்காக வகுப்பு நடத்தினார். இராபர்ட் கோல்ஸ் என்ற மனநல மருத்துவர், தாமே முன்வந்து வாரந்தோறும் அவளைச் சந்தித்து உள்ளம் காத்தார். சட்டம், ஆசிரியர், ஆலோசகர்: இம்மூன்றும் சூழ்ந்து நின்றதால் ஒரு சிறுமியின் துணிவு தளராமல் நின்றது. நாங்குநேரியிலே முறையிட்ட மாணவனைச் சூழ்ந்து நிற்க யார் இருந்தார்கள்?

*

இளைஞர்களே! செலவாகும் என்பார்கள். அரிவாள் விழுந்த பிறகு மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் ஆகும் செலவைவிடவா? ஆளில்லை என்பார்கள். உளவியல் படித்த இளைஞர்கள் வேலைதேடி அலைகிறார்களே!

நாம் செய்ய வேண்டியது உண்டு. சட்டப்படி பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு உங்கள் ஊர்ப் பள்ளியிலே இருக்கிறது. அங்கே கேளுங்கள். கிராம சபை கூடும் நாளிலே எழுந்து நின்று கேளுங்கள்: எங்கள் தொடக்கப் பள்ளிக்கு ஆலோசகர் எப்போது வருவார்? பிள்ளைகளின் பந்தி ஒன்றா? பானை ஒன்றா? ஊர்க் கடையிலே எல்லாப் பிள்ளைக்கும் மிட்டாய் உண்டா? தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மேடையிலே சாதி ஒழிக என்று முழங்கிவிட்டு, வீட்டுத் திண்ணையிலே தன் பிள்ளை சாதிப்பெயர் சொல்லித் திட்டும்போது சிரிப்பவன் நம்மவனல்லன். முதல் ஆலோசகர் அப்பனும் ஆத்தாளுமே.

பனை விதைத்தவன் உடனே நிழல் காண்பதில்லை. ஆயினும் வடலியாய் இருக்கையிலேயே அதை ஆடு கடிக்காமல் காக்க வேண்டும். காத்தால் நூறு புயலுக்கும் நிற்கும். பாஞ்சாகுளத்துச் சிறுவன் ஒருவன் கேட்டுவிட்டான். விடை சொல்ல வேண்டியவர்கள் நாம். என்றோ ஒரு நாள், எந்தத் தெருப் பிள்ளையானாலும் அதே கடையின் முன் தோள்மேல் கைபோட்டு நின்று, ஒருவனுக்கு மறுத்தால் ஒருவருமே வாங்கோம் என்று சொல்லும்போது, கட்டுப்பாடு போட்டவர்கள் தலைகுனிவார்கள்.

அந்த நாள் வரும்வரை, ஒவ்வொரு பள்ளியிலும் அந்தக் கேள்வி அணையாமல் எரியட்டும்:

என்ன கட்டுப்பாடு?