நாம் விட்ட மீன்கள்

பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று மீன் வாங்குகிறோம். பினாங்கின் சூலியா தெருக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலும் வீட்டுக் கூடத்திலும் தொட்டி வைக்கிறோம். மீன் தொட்டியை மீறி வளர்கிறது, இல்லாவிட்டால் கூட இருக்கும் மீன்களைத் தின்கிறது. கொல்ல மனம் வருவதில்லை. இருட்டிய பிறகு பிளாஸ்டிக் பையோடு போய் லோங்காங் சாக்கடையிலோ ஆற்றிலோ கடலிலோ விட்டுவிட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய நிம்மதியோடு திரும்புகிறோம். அது அங்கே எதைத் தின்னும் என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தப் பழக்கம் ஒரு கடலையே என்ன செய்தது என்பதற்குச் சிங்கமீன் சாட்சி. செம்பழுப்பும் வெள்ளையுமாக வரி, விசிறியாக விரியும் செட்டை, 18 நச்சு முட்கள். நம் பக்கத்துப் பவளப்பாறைகளுக்கு உரிய மீன். இங்கே அது அளவோடு இருக்கிறது. அழகுக்காகப் பிடித்துத் தொலைதூரத் தொட்டிகளுக்கு அனுப்பினார்கள். 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரம் ஒன்று தென்பட்டது. இன்று கரீபியன் கடல் முழுக்க அதுதான். ஒரு பெண்மீன் ஆண்டுக்கு 20 லட்சம் முட்டை வரை இடும். பஹாமாஸ் ஆய்வொன்றில், சிங்கமீன் இருந்த சிறு பாறைத்திட்டுகளில் ஐந்தே வாரத்தில், அது இல்லாத திட்டுகளைவிடக் குஞ்சுமீன்களின் வரத்து 79 விழுக்காடு குறைந்திருந்தது.

இதற்கான பழியை வெகுகாலம் ஆண்ட்ரூ புயல் சுமந்தது. 1992இல் அது ஒரு தொட்டியை உடைத்து மீன்களைக் கடலில் தள்ளியது என்றார்கள். புயலுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே மீன் கடலில் இருந்ததே! வளர்த்தவர்கள் கையால் விட்டதுதான் காரணம் என்றே இப்போது பெரும்பாலும் கருதுகிறார்கள். அவர்களும் நம்மைப் போல இரக்கப்பட்டுத்தான் விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிங்கமீனைப் பிடிக்கப் பவளப்பாறை இடுக்கில் வலை வீச முடியாது. மூச்சடக்கியோ சிலிண்டர் கட்டியோ மூழ்கி, ஒவ்வொன்றாக ஈட்டியால் குத்தி எடுக்கிறார்கள். முள்ளை வெட்டிவிட்டுச் சமைத்தும் தின்கிறார்கள்; சதையில் நஞ்சில்லை. ஆழத்தில் இருப்பவை கைக்கு எட்டாததால் அடியோடு ஒழிக்க இயலவில்லை. ஆனால் விடாமல் பிடித்துக் குறைத்த பாறைகளில் அந்த மண்ணின் மீன்கள் திரும்பப் பெருகுகின்றன.

நாமோ வடக்கே பாயார் தீவுக்குப் படகேறிப் போய்ப் பவளப்பாறையை ரசித்துவிட்டு வருகிறோம். நம் வீட்டுத் தொட்டிக்கும் அதற்கும் உறவுண்டு என்று எண்ணியதில்லை. சிலாங்கூர் ஆறுகளில் தன்னார்வலர்கள் வாரயிறுதியில் இடுப்பளவு நீரில் இறங்கிப் பண்டாராயா மீன்களை அள்ளுவதைச் செய்தியில் பார்த்தோம். தென்னமெரிக்க மீன் அது. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விரல் நீளத்தில் வாங்கினோம். ஒன்றரை அடி வரை வளரும் என்பதைக் கேட்காமலே காசு கொடுத்தோம். நாம் விட்டதைத்தான் அவர்கள் அள்ளுகிறார்கள் என்று அப்போதும் உறைக்கவில்லை.

இனி வாங்கும் முன்பே எவ்வளவு வளரும், எதைத் தின்னும், திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடையில் கேட்போம். கடைக்காரர் மறுத்தாலும் வழியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலும் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலும் நாம் சந்திக்கும் குடும்பங்கள் எத்தனை! பெரிய தொட்டியுள்ள வீடு ஒன்று அவற்றில் கட்டாயம் இருக்கும்.