கடன் வாங்கிக் கழித்தல் - ஒரு அப்பாவின் புலம்பல்

மூணாப்பு படிக்கற என் பொண்ணு போன மாசம் ஒரு கேள்வி கேட்டா. "ஏம்ப்பா, பக்கத்து வீட்டுல கடன் வாங்கினா திருப்பிக் குடுக்கணும்ல? இந்த 3 வாங்கிக்கிட்டே இருக்கே, எப்போ திருப்பிக் குடுக்கும்?"

நானும் முப்பது வருஷமா கடன் வாங்கிக் கழிச்சுக்கிட்டுதான் இருக்கேன் (வீட்டுக்கடன் தனிக்கணக்கு). ஒரு நாளும் இது தோணினதில்ல. தோணாதது கூடப் பரவாயில்லை. அப்போ ராத்திரி ஒன்பது மணி, மறுநாள் டெஸ்ட். "கேள்வி கேக்காத, மேல 9 போடு, இங்க 13 போடு"ன்னு கத்திட்டேன். அழுதுக்கிட்டே போட்டா. விடை சரி. தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே... சரி, அது இங்க எதுக்கு.

கணக்கு இதுதான்: 203-ல் 78 போனா எவ்வளவு? நடுவுல உக்காந்திருக்கற பூஜ்யம் ஏன் 9 ஆகுதுன்னு சத்தியமா எனக்கும் தெரியாது மக்களே. எனக்குச் சொல்லிக் குடுத்தவங்களும் 'போடு'ன்னுதான் சொன்னாங்க.

ஞாயித்துக்கிழமை நோட்டை மூடி வச்சிட்டு நிஜக்காசை எடுத்தேன். அவ கையில ரெண்டு நூறு ரூபா நோட்டு, மூணு ஒத்த ரூபா. எங்கம்மாகிட்ட சில்லறை டப்பா. நான் மளிகைக்கடை அண்ணாச்சி. "பில்லு 78 ரூபா பாப்பா."

மேடம் அசால்ட்டா ஒரு நூறை நீட்டி, "மீதி குடுங்க"ன்னுட்டா. 22 திருப்பிக் குடுத்தேன். கையில இருக்கற 103-ஐயும் சேர்த்து 125-ன்னு அவளே சொல்லிட்டா! பேப்பரும் இல்ல, கடனும் இல்ல. கழித்தலே இல்லாம ஒரு கழித்தல். நியாயம்தானே, கடையில அப்படித்தானே நடக்குது?

விடுவேனா. மறுபடி அதே 203-ஐக் குடுத்து, நம்ம ஊரு கண்டக்டர் மாதிரி "சில்லறையா குடும்மா"ன்னேன். பாட்டிகிட்ட ஓடினா. ஒரு நூறுக்குப் பத்து பத்து ரூபா நோட்டு வாங்கினா. ஏழு நோட்டை எடுத்து வச்சா, 8 ரூபாய்க்குக் கையில இருக்கறது மூணு காசு. திரும்ப ஓடி, ஒரு பத்து ரூபாய்க்கு ஒத்தக் காசா மாத்திக்கிட்டு வந்தா. பத்து நோட்டுல ஒண்ணு சில்லறையாப் போச்சு, மிச்சம் 9. காசு மூணும் பத்தும் 13. அட, இதான்யா அந்த 9! நாப்பது வயசுல எனக்குப் புரிஞ்சுது. வெளியில காட்டிக்கல.

அப்போ 'கடன்'ங்கற பேரே தப்பு. இங்க யாரும் யாருகிட்டயும் கடன் வாங்கல, சில்லறை மாத்தறாங்க, அவ்வளவுதான். மாத்தினப்புறமும் அது அதே 203 ரூபாதான். எம்பொண்ணு கேட்டது நல்ல கேள்வி, நாம குடுத்த வார்த்தைதான் பொய்.

கான்ஸ்டன்ஸ் கமீன்னு ஒரு அம்மா, பியாஜே வழி வந்தவங்க, 1985-ல் 'யங் சில்ட்ரன் ரீஇன்வென்ட் அரித்மெடிக்'னு ஒரு புத்தகம் எழுதினாங்க. சின்னப் பசங்களுக்கு இந்தக் கடன் வித்தையெல்லாம் சொல்லித் தராம விட்டா, தானே வழி கண்டுபிடிப்பாங்க, அதுவும் பெரும்பாலும் இடதுபக்கத்துலேருந்து ஆரம்பிப்பாங்கங்கறது அவங்க கட்சி. உண்மைதான். 52-ல் 27 போகணும்னா எம்பொண்ணு இப்போ 50-ல் 20 போனா 30, 2-ல் 7 போகணும், 5 குறையுது, அதனால 25-ங்கறா. பள்ளிக்கூடத்துல இதுக்கு முட்டை. மிஸ் மேல எனக்குக் கோவம் இல்ல. நாப்பது நோட்டு திருத்தறவங்களுக்கு நாப்பது வழியைப் படிக்க ஏது நேரம்? அதனால பள்ளிக்கூட வழியையும் சொல்லிக் குடுத்தேன். ஆனா ரெண்டாவதா. இந்த வரிசைதான் முக்கியம்ங்கறேன் நான்.

அதுக்காக வாய்ப்பாடு வேண்டாம்ங்கற கோஷ்டியில என்னைச் சேர்த்துடாதீங்க. ஏழெட்டு 56-ஐ ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்தா விளங்கிடும். கட்டம் போட்டுப் புரிஞ்சதும் மனப்பாடம் பண்ணிட வேண்டியதுதான். ஆயிரக்கணக்குல விக்கற மணிச்சட்டம், மரக்கட்டை கிட்டு பத்தியும் எனக்குப் பெருசா நம்பிக்கை இல்ல. நாமெல்லாம் சின்ன வயசுல பொட்டிக்கடைக்கு ஓடி, மீதி காசை எண்ணி, அதுல ஒரு கடலைமிட்டாய் அமுக்கி, வீட்டுல கணக்கு ஒப்பிச்சவங்க. அதெல்லாம் பாடம்னு அப்போ தெரியாது. இப்போ அதே பொட்டிக்கடை வாசல்ல கியூஆர் அட்டை தொங்குது. பீப்னு ஒரு சத்தம், அப்பா போன்ல ஒரு மெசேஜ், அவ்வளவுதான். எம்பொண்ணு எட்டு வயசு வரைக்கும் ஒரு தடவை கூட மீதி சில்லறை வாங்கினதில்லன்னு அந்த ஞாயித்துக்கிழமைதான் உறைச்சுது. இப்போ தெருமுனைக் கடைக்கு மட்டும் ரொக்கம்தான், அவதான் போறா. போன வாரம் ரெண்டு ரூபா ஏமாந்துட்டு வந்தா. திரும்பப் போய் சண்டை போட்டு வாங்கிட்டா :-)

அடுத்து வகுத்தல். 17 முறுக்கு, நாலு பேரு. மிச்சம் ஒண்ணு எங்க போச்சுன்னு யாரும் பின்னூட்டத்துல கேக்காதீங்க.