கர்ப்பிணியின் நோய்க்கால ஊதியம்: கருணையல்ல, ஹக்

நம் வீடுகளில் வேலைக்குச் செல்லும் மருமகள் கருவுற்றதும் எழுகின்ற முதல் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "உடம்பு முடியவில்லையென்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு." அக்கறையில் பிறந்த சொல்தான். ஆனால் அந்த ஒற்றைக் கடிதம் அவளுக்குரிய எதையெல்லாம் அவள் கையாலேயே கைவிடச் செய்கிறது என்பதை அந்த வீட்டில் எவரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

பிரசவத்திற்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு என்பது இன்று ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். அதற்கு அப்பால் இன்னொன்றும் இருக்கிறது என்பதே தெரிவதில்லை. கர்ப்பத்தினாலோ, பிரசவத்தினாலோ, குறைமாதப் பேற்றினாலோ, கருச்சிதைவினாலோ ஒரு பெண் நோயுற்றால், மருத்துவச் சான்றின் பேரில் மேலும் ஒரு மாதம் வரை ஊதியத்துடன் விடுப்புப் பெறலாம். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்த உரிமை இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது அப்படியே தொடர்கிறது. இந்த ஒரு மாதம் 26 வாரத்திலிருந்து கழிக்கப்படுவதன்று, அதற்கு மேலானது. கருச்சிதைவு நேர்ந்தவளுக்கு ஆறு வார விடுப்பு தனியே உண்டு. அந்தத் துயரத்தை ஓரிரு நாள் 'காய்ச்சல்' விடுப்பில் மறைத்துவிட்டு மறுவாரமே தையல் இயந்திரத்தின் முன் போய் அமரும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெட்கத்தினால் சொல்வதில்லை, சொல்லாததால் கிடைப்பதுமில்லை.

பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனமாக இருக்க வேண்டும். பிரசவத்திற்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது அங்கு வேலை செய்திருக்க வேண்டும். பொதுவான நிபந்தனைகள் இவ்வளவே. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பார்கள், அவர்களுக்குப் பணம் தருவது முதலாளியல்ல, இ.எஸ்.ஐ. கழகம். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கு ஊதியத்தில் 70 விழுக்காடுதான் கிடைக்கும். கர்ப்பத்தினால் வந்த நோய் என்று சான்றளிக்கப்பட்டால் அந்த ஒரு மாதத்திற்கு முழு ஊதிய அளவிலேயே கிடைக்கும். ஓயாத வாந்தி, இரத்தப்போக்கு, கர்ப்பகால இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்காக மருத்துவர் ஓய்வு சொல்லும்போது, 'உடல்நலக் குறைவு' என்று பொதுவாக எழுதாமல் காரணத்தைத் தெளிவாக எழுதித் தருமாறு கேட்டுக்கொள்வது அவசியம். கூடவே செல்லும் கணவரோ மாமியாரோ இதைக் கேட்கலாமே!

'வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் வாங்குவது ஹலாலா?' என்று தயங்கும் பேணுதலான குடும்பங்களும் உண்டு. அந்தப் பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆயினும் வேலை என்பது இரு தரப்பாரும் ஏற்றுக்கொண்ட ஓர் ஒப்பந்தம். அவளைப் பணியில் அமர்த்தும்போதே சட்டம் விதித்த இந்தப் பொறுப்பும் அதனுள் அடங்கிவிடுகிறது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஏவும் கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயமே தொடங்குகிறது. உடன்பட்ட நிபந்தனைப்படி வரும் பணம் எப்படி அந்நியரின் பணமாகும்? ஹராமாவது பொய்ச் சான்று பெற்று வாங்கும் விடுப்புதான். நோயில்லாமல் நோயென்று எழுதி வாங்குவோர், உண்மையிலேயே படுக்கையில் கிடக்கும் அடுத்த சகோதரியின் மீதும் மேலாளருக்குச் சந்தேகத்தை விதைத்துவிடுகிறார்கள்.

இனி, நம்மில் முதலாளிகளாக இருப்போரிடம் சில வார்த்தைகள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோல், காலணித் தொழிலை வளர்த்ததில் நம் சமுதாயத்திற்குப் பெரும் பங்குண்டு. அந்தக் காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே பெருவாரியாக உழைக்கிறார்கள். முஸ்லிம் பெண்களும் சகோதர சமயப் பெண்களும் அருகருகே அமர்ந்து தைக்கிறார்கள். ரமளானில் தாராளமாக வழங்கும் கைகள் நம் தொழிலதிபர்களின் கைகள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கர்ப்பிணித் தொழிலாளியின் நோய் நாட்களுக்கு ஊதியத்தைப் பிடித்துக்கொண்டு, பிரசவத்தின்போது ஓர் உறையில் ஐயாயிரம் வைத்துக் கொடுப்பது தர்மமாகாது. அவளுக்குச் சேரவேண்டிய கடன் அது. கடனைத் தீர்க்காமல் கொடுக்கும் ஸதகாவைப் பற்றி நம் ஆலிம்களிடம் கேட்டுப் பார்க்கட்டும்! சேரவேண்டிய கூலியை ஜகாத் கணக்கில் எழுதவும் முடியாது. கூலியைத் தாமதியாமல் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் அறிவுரையை மேடைகளில் நாம்தான் அதிகம் எடுத்துச் சொல்கிறோம்.

கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் ரமளான் நோன்பிலேயே மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. லுக்மான் அத்தியாயத்தின் 14ஆம் வசனம், தாய் கருவைச் சுமக்கும் காலத்துப் பலவீனத்தை நினைவூட்டியே பெற்றோருக்கு நன்றி செலுத்தப் பணிக்கிறது. அல்லாஹ்வே தன் கடமையில் தளர்வு தந்த உடலிடம், உற்பத்தி இலக்கில் தளர்வு தர ஒரு மேற்பார்வையாளர் மறுப்பதை என்னவென்பது? சட்டமும் இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. பிரசவ நாள் நெருங்கும் கடைசிப் பத்து வாரங்களில் நெடுநேரம் நிற்கும் வேலையோ கடுமையான வேலையோ தரவேண்டாம் என்று அவள் கேட்டால் தரக்கூடாது. அதற்காக ஊதியத்தைக் குறைக்கவும் கூடாது. விடுப்பில் இருக்கும்போது பணிநீக்கம் செய்வதும் குற்றம். இந்தப் பயன்களையெல்லாம் பணியில் சேரும்போதே எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. அப்படியோர் அறிவிப்புத் தாளைக் கையில் வாங்கிய பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்?

நம் அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகளும் பெண்கள் மதரஸாக்களும் இந்தக் கேள்விக்கு வெளியே இல்லை. ஆசிரியை கருவுற்றால் 'இந்த ஆண்டு ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம்' என்று கனிவாக அனுப்பிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கனிவான குரலில் சொன்னாலும் அது வேலைநீக்கமே. எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்று வழக்கறிஞரைத் தேடும் முன், நிர்வாகக் குழுவினர் தங்கள் மகள் வேறொரு பள்ளியில் இப்படி அனுப்பப்பட்டால் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கட்டும்.

பத்துப் பேருக்குக் குறைவான கடைகளிலும் வீட்டிலிருந்தும் உழைப்பவர்களுக்கு இவ்வுரிமைகள் எளிதில் எட்டுவதில்லை. அவர்களில் தகுதியுள்ளோர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு உதவி பெறலாம். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடக்கத்திலேயே கர்ப்பத்தைப் பதிந்துகொள்ள வேண்டும்.

மற்றவர்கள் செய்யவேண்டியது சிறிது: ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். மருத்துவச் சான்றை இணைத்து விடுப்பு விண்ணப்பம் கொடுங்கள். அதன் நகலில் அலுவலகத்தின் கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலோ எழுத்தில் முறையிடலாம். நிக்காஹ் பதிவேட்டைப் பேணும் நம் ஜமாஅத் அலுவலகங்கள், படித்த இரண்டு பெண்களை அமர்த்தி இவ்விண்ணப்பங்களை எழுத உதவினால், பள்ளிவாசல் படியேறத் தயங்கும் சகோதரிகளும் அவர்களிடம் வருவார்கள்.