செத்த மீனுக்கு யார் பதில் சொல்வது?

 

குளத்தில் மீன் வெள்ளையாய் மிதக்கிற ஒவ்வொரு முறையும் நமக்குக் கிடைப்பது ஒரே பதில்தான். "ஆக்சிஜன் பத்தலைங்க. தண்ணியில விஷமெல்லாம் அளவுக்குள்ளதான் இருக்குது." எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப் ஏறிப் போய்விடுகிறார்கள்.

அந்த "அளவு" எந்த மீனுக்குப் போட்ட அளவு என்று கேட்கிறோம். நோயில்லாத மீனாகப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் பழக்கி, காற்றோட்டமுள்ள தொட்டியில் விட்டு 96 மணி நேரம் பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்துச் சோதனை. நம்ம குளத்து ரோகுவுக்கும் கட்லாவுக்கும் அந்தக் கொடுப்பினை ஏது? சித்திரை வெயில், உப்பேறிய தண்ணீர், விடிகாலையில் மேலே வந்து வாயைப் பிளக்கிற மூச்சுமுட்டல். ஆக்சிஜன் குறைந்தால் மீன் செவுள் வழியாக அதிகத் தண்ணீரை இழுக்கும். தண்ணீரோடு விஷத்தையும் சேர்த்துத்தான் இழுக்கும். ஆக்சிஜன் குறைவு என்று எழுதிவிட்டால் கழிவுநீர் குற்றமற்றது ஆகிவிடுமா?

மீனுக்கும் கல்லீரல் உண்டு. உள்ளே வந்த நச்சை அங்குள்ள நொதிகள் மாற்றி, குளுட்டாதயோன் என்ற பொருளோடு கட்டி, பித்தத்தில் வெளியேற்றும். அந்தக் குளுட்டாதயோனுக்கு மூலப்பொருள் தீனியில் உள்ள புரதம். மீன் பட்டினி கிடந்தால் அது குறையும். கொழுப்பில் ஒதுங்கிக் கிடந்த பழைய நச்சும் கொழுப்பு கரையக் கரைய ரத்தத்துக்குத் திரும்பும். நெரிசலும் வெக்கையும் நாள்கணக்கில் நீடித்தால் கார்டிசால் சுரந்துகொண்டே இருக்கும். சேமிப்பு கரையும், நோய் எதிர்ப்பு விழும். தெம்புள்ள மீன் தாங்குகிற நச்சை இந்த மீன் தாங்காது.

நொய்யல்காரர்களுக்கு இது புதுசில்லை. 1992-ல் பாசனத்துக்கென்று வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாய்ப் போனதைப் பார்த்தவர்கள் நாம். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் மேலிடம் அசைந்தது.

தீனி விற்கிறவர்களையும் விடமாட்டோம். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்லாடாக்சின் இருக்கும். நேரே கல்லீரலைத்தான் தாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தது இந்த மாதிரிப் புண்ணாக்கால்தான். மூட்டைக்கு மூட்டை சோதனைச் சீட்டு கொடுக்கட்டும்!

நம் கோரிக்கை நீளமில்லை. மீன் செத்தால் தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது, கல்லீரலையும் செவுளையும் சோதிக்க வேண்டும். அறிக்கையின் நகலை விவசாயி கையில் கொடுக்க வேண்டும். நச்சு என்று தெரிந்தால் கழிவு விட்டவனிடம் வசூலித்து இழப்பீடு தர வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: செத்த மீனை உடனே புதைத்துவிடாதீர்கள். வெயிலில் கல்லீரல் சீக்கிரம் கெட்டுப்போகும். சாகும் தறுவாயில் உள்ள மீனாக நாலைந்தை ஐஸில் வையுங்கள். அதே நேரத்தில் சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மணியும் தேதியும் எழுதி, பக்கத்துக் காட்டுக்காரர் இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆபீசுக்குச் சேர்ந்தே போவோம்.