மண்டையோட்டுப் பதக்கம்

சென்ற ஞாயிறு மாலை, நண்பர் ஒருவரது இல்லத்தில், 1967-ஆம் ஆண்டு வெளிவந்த இத்தாலியப் படம் ஒன்றைக் கண்ணுற்றோம். ஆங்கிலத்தில் ‘டெத் ரைட்ஸ் எ ஹார்ஸ்’ என்று பெயர். செர்ஜியோ லியோனேயைப் புகழும் அன்பர்களிலும் பலர் இப்படத்தை அறியார். இயக்கியவர் ஜூலியோ பெத்ரோனி. ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ படத்தின் எழுத்தாளருள் ஒருவரான லூச்சியானோ வின்சென்சோனியே இதற்கும் எழுதியுள்ளார்.

மழை பொழியும் இரவு. கொள்ளையர் ஒரு குடும்பத்தைக் கொன்று வீட்டுக்குத் தீ வைக்கின்றனர். தப்பிய சிறுவன் பில்லின் நெஞ்சில் பதிந்தவை சில அடையாளங்களே: ஒருவன் மார்பில் பச்சை குத்திய நான்கு ஏஸ் சீட்டுகள், ஒருவன் காதில் வளையம், ஒருவனுக்குத் தழும்பு, ஒருவன் கழுத்தில் மண்டையோட்டுப் பதக்கம். இந்திப் படம் காணும் நமக்கு இவ்வுத்தி புதிதன்று. 1973-இல் வந்த ‘ஜஞ்சீர்’ படத்தில் கைச்சங்கிலியில் ஆடிய குதிரையை மறந்தவர் உண்டோ?

பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பில் பழிதீர்க்கப் புறப்படுகிறான். அதே கூட்டத்தாரால் வஞ்சிக்கப்பட்டுச் சிறையிருந்து மீண்ட ரயனும் அவர்களையே தேடுகிறான். ரயனாக வரும் லீ வான் கிளீஃப், கண்ணைச் சற்றே சுருக்கியே காரியத்தை முடித்துவிடுகிறார். பில்லாக வரும் ஜான் பிலிப் லாவிடம் அழகுண்டு, கோபந்தான் போதவில்லை. பிற்பகுதியில் துப்பாக்கிச் சண்டை நீண்டு நம் பொறுமையைச் சோதிக்கிறது. மோரிகோனேயின் இசையோ வேறு தரம். 2003-இல் ‘கில் பில்’ படத்தார் அதை எடுத்தாண்டதில் வியப்பில்லை.

ஆயினும் படத்தின் உயிர் அந்தப் பதக்கத்திலேயே இருக்கிறது. அதை அணிந்திருந்தவன் ரயனே. கொலையைத் தடுக்க இயலாமல் பிந்தி வந்தவன். எரியும் வீட்டினின்று சிறுவனை இழுத்துக் காத்தவனும் அவனே. பில் பதக்கத்தை நினைவில் வைத்தான். தன்னைப் பற்றி இழுத்த கையை மறந்தான். உண்மை தெரிந்த பின்னும் துப்பாக்கியோடு எதிரே நிற்கிறான். இறுதியில் அவனால் சுட முடியவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் நாம் பேசவில்லை. ஊரைவிட்டு நம்மை இங்கே அனுப்பிய மாற்றல் ஆணையின் கையொப்பத்தைப் பதினோர் ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருக்கிறோம். எங்கு கண்டாலும் அதன் வளைவை அறிவோம். அவ்வாண்டே, தந்தையார் படுக்கையில் இருந்தபோது, கேட்ட நாளிலேயே விடுப்பு கிடைத்தது. அந்தத் தாளில் கையொப்பமிட்டவர் எவர் என்று நாம் பார்த்ததேயில்லை.