மாவைப் பொங்கவைக்கும் நொதி, சர்க்கரையை அளக்கும் நொதி

மைசூரு செலுவாம்பா மாளிகையில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் தேசிகாச்சாரும் சகாக்களும் இட்லி மாவு புளிப்பதை ஆராய்ந்து 1960-இல் எழுதினார்கள். 1965-இல் முகர்ஜி, ஸ்டெயின்க்ராஸ் குழு, மாவைப் பொங்கவைப்பதில் லூக்கோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் பாக்டீரியாவின் பங்கைக் காட்டியது. அந்தப் பாக்டீரியா குளுக்கோஸை உடைக்கும் வழியில் முதல் ஆக்ஸிஜனேற்றத்தைச் செய்வது குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் (ஜி6பிடி) என்ற நொதி. அடுத்த படியில் வெளியேறும் கரியமில வாயுதான் மாவை உப்பவைக்கிறது.

நம் ஆய்வகங்களில் சர்க்கரையை அளக்கும் ஹெக்சோகைனேஸ் கிட்கள் பலவற்றில் இருப்பதும் இதே பாக்டீரியாவின் ஜி6பிடிதான். மனித ஜி6பிடியும் ஈஸ்ட் ஜி6பிடியும் என்ஏடிபி கேட்கும். பாக்டீரியாவின் நொதிக்கு என்ஏடி போதும். என்ஏடி விலை குறைவு என்பது கணக்குப் பிள்ளைக்கான காரணம். நமக்கான காரணம் வேறு. என்ஏடிபி ஊற்றிய கிட்டில் ரத்தம் சிதைந்த சீரம் விழுந்தால், சிவப்பணுவிலிருந்து கசிந்த 6-பாஸ்போகுளுக்கோனேட் டீஹைட்ரஜனேஸ் நம் விளைபொருளையே மேலும் ஆக்ஸிஜனேற்றும். 340 நானோமீட்டரில் உறிஞ்சல் ஏறும், சர்க்கரை கூடுதலாகத் தெரியும். என்ஏடியை வைத்தால் அந்த நொதி கிட்டத்தட்ட வாய் திறக்காது. கிட்டோடு வரும் தாளில் நொதியின் மூலம், துணைநொதி இரண்டையும் பார்க்காமல் கிட் வாங்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. விலைப்பட்டியலை மட்டும் படித்து ஆர்டர் போடுவது நம் துறையின் பழைய நோய்.

ஆனால் பிளாஸ்மாவைப் பிரிக்கத் தாமதித்தால் எந்த நொதியும் காப்பாற்றாது. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை கரைந்துவிடும்.

ஃபெனிடாயின் போன்ற மருந்துகளை அளக்கும் எமிட் முறையும் இந்தப் பாக்டீரியா ஜி6பிடியை நம்பியது. மருந்தை நொதியோடு பிணைத்திருப்பார்கள். எதிர்ப்பொருள் வந்து ஒட்டினால் நொதி மந்தமாகும். நோயாளியின் சீரத்திலுள்ள மருந்து எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டால் நொதி சுறுசுறுப்பாகவே இருக்கும். இங்கும் துணைநொதி என்ஏடி; நோயாளியின் சொந்த ஜி6பிடி அதைத் தொடாததால் இடையில் குழப்பாது.

ஜி6பிடி குறைபாடுள்ளவருக்குச் சர்க்கரை அளவு தப்பாக வருமா என்று மருத்துவர்கள் கேட்பதுண்டு. வராது, நொதி நம் பாட்டிலிலிருந்து வருகிறது. அவருக்குத் தவறாகக் குறைந்து காட்டக்கூடியது எச்பிஏ1சி: சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு. அந்த முடிவை அனுப்பும்போது ஒரு குறிப்பு சேர்த்து அனுப்புங்கள்.